யாருடைய மைதானம்? பெரி கால்பந்துக் கழகம் நொடித்த வரலாறு

1

மான்செஸ்டருக்கு வடக்கே சுமார் 13 கிலோமீட்டரில் பெரி என்றொரு மில் ஊர் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 27ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் அந்த ஊர்ச் சனங்கள் நூற்றுக்கணக்கில் கிக் லேன் மைதானத்துக்குத் துடைப்பமும் வாளியும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்காலிகளைத் துடைத்தார்கள், கக்கூஸ் கழுவினார்கள், களை பிடுங்கினார்கள். யாரும் கூலி பேசவில்லை. புது முதலாளி வந்துவிடுவார், கழகம் பிழைத்துக்கொள்ளும், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும், அதற்குள் மைதானம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அன்று மாலை 5 மணி கெடு. வாங்குவதாக இருந்த கம்பெனி கணக்கு வழக்கைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டது. இரவில் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் அறிவித்தது: பெரி நீக்கப்பட்டது. 1885இல் தொடங்கிய கழகம். லீக்கில் 125 வருஷம் ஆடியது. 1992இல் மெய்ட்ஸ்டோன் யுனைட்டெட் விழுந்த பிறகு இப்படி லீக்கை விட்டுப் போன முதல் கழகம் இதுதான்.

துடைப்பம் பிடிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் அது பிறப்போடு திணிக்கப்பட்டது. அங்கே அவர்கள் ஒருநாள் விரும்பி எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றென்று சொன்னால் அது பொய். ஆனாலும் ஒரு கேள்வி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நிற்கிறது. கூட்டுகிறவன் ஒருத்தன், பத்திரம் வைத்திருக்கிறவன் வேறொருத்தன். அப்படியானால் இடம் யாருடையது?

'சீமைக்காரன் பந்து விளையாட்டுக் கழகம் திவாலானால் நமக்கு என்னய்யா?' என்று தோழர்கள் கேட்பாங்க. கேட்கட்டும். நம்ம ஊரில் சொத்து என்பது சாதியாக வேலை செய்கிறது. சாதி என்ற பேரே இல்லாத இடத்தில் சொத்து தனியாக என்ன வேலை செய்கிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பெரியின் கதையை அதற்காகத்தான் சொல்கிறேன்.

2

முதலில் நிலம். பெரி ஊரின் மேட்டிமை பில்கிங்டன் என்ற குடும்பத்திடம் இருந்தது. 1485இல் பாஸ்வர்த் போரில் அவர்கள் தோற்ற பக்கம் நின்றார்கள். ஜெயித்து ராஜாவான ஏழாம் ஹென்றி அந்த நிலங்களைப் பிடுங்கித் தன் ஆளான ஸ்டான்லிக்குக் கொடுத்தான். அந்த ஸ்டான்லி வம்சம்தான் டார்பி பிரபுக்கள். பரம்பரை பரம்பரையாக ஊர் அவர்களுடையது. வரலாற்றுப் புத்தகத்தில் 'மானியம்', 'வம்சம்' என்று மரியாதையாக எழுதியிருக்கும். ஒரு சண்டையில் கைமாறிய கொள்ளை என்பதுதான் அதன் நிஜப் பேர்.

அடுத்தது பஞ்சு. பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே பெரிக்காரர். நெசவு வேகம் பிடித்தது, மில்கள் முளைத்தன, கிராமத்துச் சனம் மில் வாசலில் வந்து நின்றது. லங்காஷயர் மில்களில் ஓடிய பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் பறித்தது. 1861 முதல் 1865 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது பஞ்சு வரத்து நின்றது. மில்கள் மூடின, லங்காஷயரே பட்டினி கிடந்தது. அந்தப் பட்டினிக்கு நடுவில் 1862 டிசம்பர் 31ஆம் தேதி மான்செஸ்டரில் தொழிலாளர்கள் கூடி, அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். தன் வயிறு காய்ந்தாலும் அடிமை விடுதலையாகட்டும் என்று சொன்ன கூட்டம் அது. இதை மறக்கக் கூடாது. அதே சமயத்தில் அந்த மில்கள் நெய்த துணி நம்ம கரையிலும் வந்து இறங்கியது. நம்மிலும் கோலியர் என்று தறி நெய்தவர்கள் இருந்தார்கள். தறியை விட்டுக் கூலிக்குப் போனவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. லங்காஷயர் தொழிலாளி சுரண்டப்பட்டவன்தான். ஆனால் சுரண்டல் சங்கிலியில் அவன் கடைசிக் கண்ணி இல்லை. அவனுக்குக் கீழேயும் ஆள் இருந்தது.

மூன்றாவது நேரம். நிலம் இல்லாதவனுக்கு இருக்கிற ஒரே சொத்து நேரம். அதையும் மில் எடுத்துக்கொண்டது. 1850ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம்தான் அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. பெண்களும் இளம்பிள்ளைகளும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது சட்டம். ஆண்களைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. ஆனால் பெண்ணும் பிள்ளையும் இல்லாமல் பஞ்சாலை ஓடாது. அதனால் மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று, ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணிக்குப் பந்தாட்டம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அது இந்த அரைநாளில் வந்து முடியும். ஆண்களின் விளையாட்டுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது பெண்களுக்காக வந்த சட்டம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி இது தேவைப்படும்.

1885 ஏப்ரலில் ஊரின் ஒயிட் ஹார்ஸ் விடுதியில் கூடிப் பேசி, வெஸ்லியன் சபை அணியையும் யூனிட்டேரியன் சபை அணியையும் சேர்த்து ஒரு கழகம் ஆக்கினார்கள். டார்பி பிரபுவின் நிலத்தில் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்தார்கள். அதுதான் கிக் லேன். 1894இல் லீக்கில் சேர்ந்து, முதல் வருஷமே இரண்டாம் பிரிவை வென்றார்கள். 1900இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சவுத்தாம்ப்டனை 4-0 என்றும், 1903இல் டார்பி கவுண்டியை 6-0 என்றும் அடித்தார்கள். 1903 கோப்பை முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதியாட்டத்தில் அந்த ஆறு கோல் வித்தியாசத்தை 116 வருஷம் யாரும் தொடவில்லை. 2019 மே மாதம் அபுதாபிப் பணத்தில் ஓடுகிற மான்செஸ்டர் சிட்டி, வாட்ஃபோர்டை 6-0 என்று வென்று அதைச் சமன் செய்தது. அடுத்த மூன்று மாதத்தில் சாதனையின் பழைய சொந்தக்காரன் லீக்கிலேயே இல்லை. இரண்டு மைதானத்துக்கும் நடுவில் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

3

அந்தக் காலத்து முதலாளிகள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கழகங்களைக் கம்பெனியாகப் பதிவு செய்து பங்கு வாங்கியவர்களில் சாராய வியாபாரிகளும் மில்காரர்களும் நிறைய. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு விதி போட்டது. பின்னாளில் 34ஆம் விதி என்று பேர் பெற்றது. பங்குக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் எடுக்கக் கூடாது, இயக்குநர் சம்பளம் வாங்கக் கூடாது, கழகத்தை மூடினால் மிஞ்சுகிற சொத்தைப் பங்குதாரர் பிரித்துக்கொள்ளக் கூடாது, விளையாட்டுக்கோ தருமத்துக்கோ போக வேண்டும். கழகத்தை நடத்தலாம், தின்னக் கூடாது என்று அர்த்தம். மைதானத்தை விற்று மாடி கட்ட நினைக்கிறவனுக்கு அந்த விதி ஒரு வேலி.

1922இல் டார்பி பிரபு கிக் லேன் நிலத்தைக் கழகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். பிடுங்கிய நிலத்தில் ஒரு துண்டு, 437 வருஷம் கழித்து, அதில் ஓடி வேர்வை சிந்தியவர்களுக்கு வந்தது. தானம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். தானத்தில் கொடுத்தவன் பேர் கல்லில் இருக்கும், வாங்கியவனுக்கு உரிமை இருக்காது. கிக் லேனும் அப்படித்தான். நிலம் ஊருக்கு வரவில்லை, கழகம் என்ற கம்பெனிக்குத்தான் வந்தது. கம்பெனியை வாங்குகிறவனுக்கு நிலமும் சேர்ந்து போகும். இதை யாரும் அன்றைக்கு யோசித்த மாதிரி தெரியவில்லை.

பஞ்சமி நிலப் போராட்டம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நிற்பார்கள். 1892 ஆணைப்படி நமக்கு வந்த நிலத்தில் 'தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தது. இருந்தும் பறிபோனது. அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் குண்டடிபட்டுச் செத்தார்கள். ஆனால் நிபந்தனை எழுதியிருந்ததால்தான் இன்றைக்கும் நாம் பத்திரத்தைக் காட்டிக் கேட்க முடிகிறது. கிக் லேன் பறிபோகிற கட்டம் வந்தபோது பெரிக்காரன் கையில் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை.

இப்போது பெண்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ஆண்கள் போருக்குப் போக, தொழிற்சாலைப் பெண்கள் பந்தாடத் தொடங்கினார்கள். பிரஸ்டன் ஊரின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி 1920 டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூலில் ஆடியபோது 53,000 பேர் பார்த்தார்கள். ஆண்கள் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி, பெண்களுக்கு இனி எந்தக் கழகமும் மைதானம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 'ஆடாதே' என்று சொல்லவில்லை, 'எங்கள் இடத்துக்குள் வராதே' என்றார்கள். இந்த மொழி நமக்குப் புதுசு இல்லை. கிணறு, கோயில், தெரு என்று எல்லா இடத்திலும் கேட்டதுதான். 1970 வாக்கில்தான் தடை போனது. சனிக்கிழமை அரைநாளை வாங்கிக் கொடுத்தது யார் என்று மேலே சொன்னேனே, அவர்களுக்குத்தான் அரை நூற்றாண்டு வாசல் அடைப்பு. ஊர்ச் சொத்து என்று சொல்லும்போது ஊரில் யார் யார் சேர்த்தி என்றும் கேட்க வேண்டும். பெரியின் கழகத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இதையும் கேட்டுக்கொண்டுதான் விட வேண்டும்.

4

34ஆம் விதி எப்படிச் செத்தது? யாரும் அதை முறையாக எதிர்த்து ஜெயிக்கவில்லை. 1983இல் லண்டனின் டோட்டன்ஹாம் கழகத்தார் கழகத்துக்கு மேலே இன்னொரு கம்பெனியை வைத்துக்கொண்டார்கள். விதி கழகத்துக்குத்தான், மேலே உள்ள கம்பெனிக்கு இல்லை என்றார்கள். அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது. சங்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. வேலி இருந்தது, பக்கத்தில் வழி வெட்டியாயிற்று. அதே 1983இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை லீக் ஆட்டங்களில் வாசல் வசூலில் வெளியூர் அணிக்கும் ஒரு பங்கு உண்டு. பெரிய கழகங்கள் அதை நிறுத்திவிட்டன. 1992இல் அவர்கள் தனியாகப் பிரிந்து பிரிமியர் லீக் வைத்துக்கொண்டார்கள். டிவி பணம் மேலேயே தங்கியது.

கீழே இருப்பவர்களுக்கு இரண்டே வழி. இருக்கிறதை வைத்து ஓட்டுவது, அல்லது கடன் வாங்கிச் சூதாடி மேலே ஏறப் பார்ப்பது. ஏணி அவ்வளவு செங்குத்தாக இருந்தால் சூதாடத்தான் தோன்றும். தனியாள் பேராசை என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. ஏணியைச் செய்தவனையும் பார்க்க வேண்டும்.

பெரியின் முதல் அடி 2002இல் விழுந்தது. கீழ்ப்பிரிவு ஆட்டங்களை ஒளிபரப்ப 31.5 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்ட ஐடிவி டிஜிட்டல் அந்த வருஷம் கவிழ்ந்தது. 17.85 கோடி பவுண்டு பாக்கி வரவில்லை. வரும் என்று நம்பிச் செலவழித்த சின்னக் கழகங்கள் தள்ளாடின. ஏற்கெனவே கடனில் இருந்த பெரி, நீதிமன்ற நிர்வாகியின் கைக்குப் போனது. ஊர்க்காரர்கள் வாளி ஏந்தி வசூல் செய்து காப்பாற்றினார்கள். கழகத்தில் வேலை பார்த்த நெவில் நெவில் அதில் முன்னால் நின்றார். மான்செஸ்டர் யுனைட்டெடின் கேரி, ஃபில் நெவில் சகோதரர்களின் அப்பா அவர். 2015இல் இறந்தார். மைதானத்தில் ஒரு பக்கத்துப் படிக்கட்டு வரிசைக்கு அவர் பேர்.

அந்தச் சமயத்தில் பெரி அணியில் நம்ம நாட்டு ஆள் ஒருவர் இருந்தார். சிக்கிமின் பைசுங் பூட்டியா. பூட்டியாக்கள் பட்டியல் பழங்குடியினர். 1999 செப்டம்பரில் அவரைப் பெரி ஒப்பந்தம் செய்தது. 1936இல் வெறுங்காலோடு செல்டிக் அணிக்காக ஆடிய கல்கத்தாவின் முகமது சலீமுக்குப் பிறகு ஐரோப்பியக் கழகத்துக்குப் போன இந்தியர் அவர். 37 லீக் ஆட்டங்கள், 3 கோல். 2002இல் கழகம் நொடித்தபோது அவரும் திரும்பினார். இந்தியக் கால்பந்து வரலாற்றில் பெரி என்ற பேர் வருவது இவரால்தான். பஞ்சு மில்களின் கடைசிக் காலத்தில், 1950களிலும் 60களிலும், லங்காஷயர் ஊர்களில் ராத்திரி ஷிப்ட் பார்க்க பாகிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆள் போனது தெரியும். மில்லுக்குள் விட்டார்கள். மைதானத்துக்குள் அந்தப் பிள்ளைகள் வந்தது ரொம்பக் குறைவு. ஆடுகளத்தில் வந்தது அதைவிடக் குறைவு. அந்தச் சரித்திரத்தில் பூட்டியா ஒரு சின்ன வாசல்.

கறுப்பர் வரலாற்றிலும் இதே லங்காஷயர் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. இன்றைய கானாவில் பிறந்த ஆர்தர் வார்டன், முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று அறியப்படுகிறவர். அவர் ஆடிய ஆஷ்டன் நார்த் எண்ட் கழகம் 1899இல் திவாலானது. பிறகு வேறு அணி, பிறகு நிலக்கரிச் சுரங்கம். 1930இல் செத்தபோது கல்லறைக்குப் பேர்க்கல்கூட இல்லை. 1997இல்தான் கல் வைத்தார்கள். கழகம் திவாலானால் முதலாளி அடுத்த கம்பெனிக்குப் போவான். ஆடியவன் எங்கே போகிறான் என்பதற்கு வார்டன் சாட்சி.

5

2013இல் ஸ்டூவர்ட் டே என்ற கட்டட வியாபாரி பெரியை வாங்கினார். மேல்பிரிவுக்குப் போவோம் என்றார். பெரிய சம்பளத்தில் ஆட்களை எடுத்தார். சராசரியாக நாலாயிரம் பேர் வருகிற மைதானம், வரவு ஒன்று, செலவு மூன்று. வித்தியாசத்துக்குக் கடன். 1922இல் தானமாக வந்த மைதானம் அடமானத்துக்குப் போனது. மைதானத்தின் கார் நிறுத்தும் இடத்தைத் துண்டு துண்டாகப் போட்டு முதலீட்டாளர்களுக்குக் குத்தகைக்கு விற்கிற திட்டமும் வந்தது. மண்ணை மட்டும் இல்லை, கார் நிற்கிற கோட்டையும் விற்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டேயின் கட்டடக் கம்பெனிகளும் கவிழ்ந்தன.

2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவர் கழகத்தை 1 பவுண்டுக்கு வாங்கினார். ஒரு பவுண்டு! ஒரு சோடா விலை. நொடித்துப்போகும் கம்பெனிகளோடு தொழில் செய்து பழகியவர். பெரி என்று ஒரு பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது, தான் கால்பந்து ரசிகனும் இல்லை என்று அவரே பின்னால் வானொலியில் சொன்னார். கையில் பணம் இருக்கிறதா என்று காட்டச் சொல்லாமலேயே லீக் கைமாற்றத்தை நடக்கவிட்டது. ஊரில் பலசரக்குக் கடைக்கு லைசென்ஸ் கேட்டால் எத்தனை காகிதம் கேட்பான்? 134 வருஷக் கழகத்துக்கு அதுகூடக் கேட்கவில்லை.

2019 வசந்தத்தில் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் வரவில்லை. சம்பளம் வராத அதே வீரர்கள் பிரிவில் இரண்டாவதாக வந்து மேல்பிரிவுக்குத் தேர்ச்சி பெற்றார்கள். கழகம் செத்தது தோற்றதால் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடியவர்கள் தங்கள் வேலையைச் செய்து முடித்தார்கள். ஜூலையில் கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் ஆயிற்று. ஈடில்லாமல் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கு 25. அதற்குத் தண்டனையாக அணிக்கு 12 புள்ளி வெட்டு. ஆகஸ்டில் பருவம் தொடங்கியபோது பெரியின் ஆட்டங்களை லீக் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தது. முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி மைதான அலுவலகத்துக்கு வெளியே மழைநீர்க் குழாயில் தன்னை விலங்கிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டேல், விற்கிறேன் என்பார், விற்க மாட்டேன் என்பார். கடைசி நேரத்தில் ஒரு கம்பெனி வந்தது, போனது. அதே நாளில் கெடு முடிந்த பக்கத்து ஊர் போல்டனுக்கு 14 நாள் கிடைத்தது, மறுநாளே புது முதலாளியும் கிடைத்தார். பெரிக்குக் கிடைக்கவில்லை.

6

கழகம் நொடித்தால் யாருக்கு முதலில் பணம்? இதைக் கவனித்துப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்று பட்டது.

அங்கே கால்பந்துக் கடன் விதி என்று ஒன்று இருக்கிறது. கழகம் லீக்கில் தொடர வேண்டுமானால் வீரர்களுக்கும் மற்றக் கழகங்களுக்கும் உள்ள பாக்கியை முழுசாகத் தீர்க்க வேண்டும். மைதானத்தை அடமானம் பிடித்தவன் சட்டப்படியே மேலே உட்கார்ந்திருக்கிறான். மிச்சம் மீதியில்தான் மற்றவர்கள். மற்றவர்கள் யார்? பன் ரொட்டி கொடுத்தவன், சட்டை துவைத்தவன், குழாய் ரிப்பேர் செய்தவன், டிக்கெட் அச்சடித்தவன். 2010இல் போர்ட்ஸ்மத் கழகம் நொடித்தபோது, மைதானத்தில் மயங்கி விழுகிறவனுக்கு முதலுதவி செய்கிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்களுக்கே பாக்கி இருந்தது. அவர்களும் அந்தக் கடைசி வரிசையில்தான். இந்த விதி அநியாயம் என்று வரித்துறை வழக்குப் போட்டு 2012இல் தோற்றது.

அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். வெறும் மேல், கீழ் இல்லை. ஒவ்வொரு படியிலும் இருப்பவனுக்குக் காலடியில் ஒருத்தன் இருக்கிறான், அதனாலேயே எல்லோரும் சேர்ந்து ஏணியை உடைக்க வர மாட்டார்கள். கடன் பட்டியல் சாதி இல்லை. அதில் பிறப்பு இல்லை, தீட்டு இல்லை. ஆனால் ஏணியின் சூத்திரம் அதேதான். சம்பளம் வராத வீரனும் பாதிக்கப்பட்டவன், அவன் சட்டையைத் துவைத்தவனும் பாதிக்கப்பட்டவன். ஒருத்தனுக்கு நூற்றுக்கு நூறு, ஒருத்தனுக்கு நூற்றுக்கு 25 என்று விதி எழுதிவிட்டால் இரண்டு பேரும் ஒரே கொடியின் கீழ் நிற்க மாட்டார்கள். ரசிகன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மூன்று தலைமுறை வந்து கத்திய தொண்டைக்கு என்ன மதிப்பு என்று எந்தக் கணக்கனும் எழுத மாட்டான்.

நம்ம ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் வெட்கப்பட்டுத் தலைமறைவாவான் என்று சொல்லுவாங்க. அது சின்னவனுக்கு. பெரிய முதலாளிக்குத் திவால் என்பது கைகழுவும் குழாய். திறந்து கழுவிவிட்டு அடுத்த இலைக்குப் போய் உட்காரலாம்.

7

கழகம் நீக்கப்பட்ட பிறகு பெரிக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு, பழைய கழகம் இனி வராது, நாமே புதுசாக ஆரம்பிப்போம் என்று பெரி ஏ.எஃப்.சி. என்ற அணியைத் தொடங்கியது. ரசிகர்களே உரிமையாளர்கள். 2020இல் பிரமிடின் அடிமட்டத்துக்குப் பக்கத்தில், பக்கத்து ஊர் ராட்கிளிஃபின் மைதானத்தில் ஆடத் தொடங்கினார்கள். இன்னொரு தரப்பு, கிக் லேனும் பழைய பேரும் இல்லாமல் என்ன கழகம் என்றது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று துரோகி என்றது. இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் ருசி தெரியும். எதிரி தூரத்தில் இருப்பான், திட்டுவதற்குத் தோழன்தான் பக்கத்தில் கிடைப்பான்.

2020 நவம்பரில் பழைய கம்பெனி நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போனது, கிக் லேன் விலைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் இரண்டாவது தரப்பினரின் அமைப்பு, அரசாங்கத்தின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டும், நன்கொடையாளர்களின் பணமும் சேர்த்து மைதானத்தை வாங்கியது. ஒருத்தரிடம் மைதானம், அணி இல்லை. இன்னொருத்தரிடம் அணி, மைதானம் இல்லை. இணையலாமா என்று 2022 அக்டோபரில் ஓட்டு எடுத்தார்கள். ஒரு பக்கம் ஒத்துக்கொண்டது. பெரி ஏ.எஃப்.சி. பக்கத்தில் 63 சதவீதம் சரி என்றது. வேண்டியது 66. மூன்று சதவீதத்தில் போயிற்று. உட்கார்ந்து பேசி, மறுபடி 2023 மே மாதம் ஓட்டெடுத்தார்கள், இரண்டு பக்கமும் ஜெயித்தது. அந்தக் கோடையில் பெரி கால்பந்துக் கழகம் என்ற பழைய பேரோடு கிக் லேனில் மறுபடி பந்து உருண்டது. 2025இல் வடமேற்கு கவுண்டிகள் லீக்கின் பிரிமியர் பிரிவை வென்று ஒரு படி மேலே ஏறினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 63 சதவீதம்தான். தோற்றார்கள், மறுபடி பேசினார்கள். டே வாங்கும்போதும் டேல் வாங்கும்போதும் ஊரிடம் யார் ஓட்டுக் கேட்டது? பெரிக்குப் பக்கத்து ஊர் ராச்டேல். 1844இல் அங்கே தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள், உலகக் கூட்டுறவு இயக்கம் அதைத் தன் தாய்வீடு என்கிறது. எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அந்த வழியில் வந்த விதி. ரசிகர் சங்கங்களும் அதே விதிப்படிதான் நடக்கின்றன. அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு கொடுத்துவிட்டுச் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அதை மறுத்தால் என்ன ஆகும் என்று 1949 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது இதைத்தான்.

இதைச் சொர்க்கம் என்று சொல்லிவிட வேண்டாம். போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013இல் தங்கள் கழகத்தை வாங்கிக் கடனைத் தீர்த்தார்கள். 2017இல் அவர்களே ஓட்டுப் போட்டு, டிஸ்னி கம்பெனியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரின் கம்பெனிக்கு விற்றார்கள். மேலே போகப் பணம் வேண்டும், பணம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏணி அப்படியே நிற்கிறவரைக்கும் கீழே இருக்கிறவனின் சுயாட்சிக்கு ஒரு எல்லை இருக்கிறது. பெரி விழுந்த சத்தமும், 2021இல் பெரிய கழகங்கள் ஐரோப்பிய சூப்பர் லீக்குக்கு ஓடப் பார்த்த கூச்சலும் சேர்ந்துதான் அங்கே அரசாங்கத்தை அசைத்தன. 2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் வந்தது. கழகத்தை வாங்குகிறவனைச் சோதிக்கவும், மைதானத்தை விற்பதைத் தடுக்கவும் தனி ஒழுங்காற்று அமைப்பு. 1983இல் செத்த வேலியைச் சட்டமாகத் திருப்பி நட்டிருக்கிறார்கள். 42 வருஷம் ஆயிற்று. பக்கத்தில் வழி வெட்ட வக்கீல்கள் இப்போதே உட்கார்ந்திருப்பார்கள்.

8

'நல்ல முதலாளி வருவான்' என்ற நம்பிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிச் சனங்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் டேயை நம்பினார்கள், எட்டு மாதம் டேலை நம்பினார்கள், கடைசியில் பேர் தெரியாத கம்பெனி ஒன்றை நம்பினார்கள். நம்மிடமும் இந்த வியாதி இருக்கிறது. பண்ணையாரில் நல்ல பண்ணையார், அதிகாரியில் நல்ல அதிகாரி, கட்சியில் நல்ல தலைவர் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். நல்லவன் வரவும் செய்யலாம். அவனுக்கு அப்புறம் வருகிறவன் யார் என்பதை யார் தீர்மானிப்பது? அவன் மனசுதான் நமக்குப் பாதுகாப்பு என்றால் நமக்குப் பாதுகாப்பே இல்லை.

பெரிக்காரர்கள் இதைக் கழகம் செத்த பிறகுதான் கற்றார்கள். விலை அதிகம். நம்ம சேரிகளில் இளைஞர் மன்றம் இருக்கிறது, படிப்பகம் இருக்கிறது, கபடிக் குழு இருக்கிறது, பந்து ஆடுகிற பொட்டல் இருக்கிறது. பலதும் யாரோ கொடுத்த இடம், யாரோ வாய்வார்த்தையாக விட்ட இடம். அந்த இடத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது, மன்றம் பதிவாகியிருக்கிறதா, விற்கக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா, பெண்பிள்ளைகளுக்கு அதில் ஓட்டு உண்டா என்று ஒருநாள் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காகிதம் மட்டும் காப்பாற்றாது என்பதைக் காரணை நமக்குச் சொல்லியிருக்கிறது. காகிதமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரி சொல்கிறது.